மேற்குச் சுவரின் வெயில் யாருக்கு?

வெள்ளவத்தையில் கூரை என்பது பொதுச்சொத்து. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் தனிவீடு என்று இப்போது என்ன மிச்சம்? முற்றமும் மாமரமும் இருந்த காணிகளில் எல்லாம் ஒன்பது மாடி எழும்பிவிட்டது. எங்கள் தொடர்மாடியில் முப்பத்தாறு வீடு, ஒரே ஒரு மொட்டைமாடி. அதில் பாதியைத் தண்ணீர்த் தாங்கிகளும் லிஃப்ட் மோட்டர் அறையும் டிஷ் அன்ரனாக்களும் பிடித்துக்கொண்டன. மீதியில் பாதி, உடுப்புக் காயப்போடும் கொடி. அந்தக் கொடியில் கைவைத்தால் நிருவாகக் குழுவே கவிழ்ந்துவிடும். குழுவில் நானும் ஓர் அங்கத்தவர் என்பதால் சொல்கிறேன்.

2016 இல் இலங்கை அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்று கூரைச் சோலர் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மின்சார சபைக்கு விற்ற ஒவ்வோர் அலகுக்கும் முதல் ஏழு வருடம் 22 ரூபா, அதன்பின் 15 ரூபா 50 சதம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் புழுங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நிபந்தனை அதில் இருந்தது. உங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும். நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் மூன்று குடித்தனம், மூன்றும் வாடகை. வீட்டுக்காரர் வேறெங்கோ இருப்பார். அங்கே யார் யாரிடம் போய்ச் சோலர் கேட்பது?

எங்கள் மொட்டைமாடியையே கணக்கெடுங்கள். மொத்தம் 400 சதுர மீற்றர் என்று வையுங்கள். உபயோகிக்கக்கூடியது 100. ஒரு கிலோவாட் பனலுக்கு ஏறக்குறைய ஐந்து சதுர மீற்றர் வேண்டும். ஆகவே 20 கிலோவாட். அதை முப்பத்தாறு வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு அரைக் கிலோவாட் சொச்சம், மாதத்துக்குச் சுமார் 60 அலகு. காற்றாடிக்கும் லைற்றுக்கும் காணும். கட்டிடத்தின் மேற்குச் சுவரோ ஒன்பது மாடி உயரத்துக்கு நிற்கிறது. பகல் ஒரு மணியிலிருந்து சூரியன் கடலில் இறங்கும் வரை வெயில் அதில்தான் அறைகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் நாங்கள் ஏசிக்குக் காசு கட்டுகிறோம்.

அந்தச் சுவரில் பனலை மாட்டிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சந்தையில் விற்கும் சிலிக்கன் பனல் ஒன்று கண்ணாடியும் அலுமினியச் சட்டமுமாக இருபது கிலோ வரும். உள்ளே இருக்கும் சிலிக்கன் தகட்டின் தடிப்பு ஏறக்குறைய 150 மைக்ரோமீற்றர்தான், ஆனால் அப்பளம் போல நொறுங்கும். கண்ணாடியும் சட்டமும் அதைக் காப்பதற்கே. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற நாளில் ஒன்பதாம் மாடிச் சுவரில் அப்படி ஒன்று தொங்க, கீழே மரைன் டிரைவில் மாலைநடை போகிறவர்கள்! நினைக்கவே வேண்டாம்.

சுவருக்கும் பல்கணிக் கண்ணாடிக்கும் தேவைப்படுவது மெல்லிய கலம். பிளாஸ்ரிக் தாளிலோ கண்ணாடியிலோ பூச்சாகப் படியவைக்கும் வகை. ஓரிரு மைக்ரோமீற்றர் தடிப்பில் செய்கிறார்கள். சேதனப் பொருளால் ஆனவற்றில் 100, 200 நனோமீற்றருக்கே இறங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சிலிக்கன் நீல ஒளியை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள செங்கீழ்க் கதிரும் ஆழமாகப் போனால்தான் அகப்படும். மெல்லிய படலத்துக்குள் அவை நுழைந்த வேகத்திலேயே மறுபக்கத்தால் வெளியேறிவிடுகின்றன. சரி, தடிப்பைக் கூட்டுவோம் என்றால், மலிவான பொருளுக்குள் பிறந்த இலத்திரன் அவ்வளவு தூரம் பயணம் செய்து முனையை அடைவதில்லை. நடுவழியில் அழிந்துபோகிறது. ஒளிக்குத் தடிப்பு வேண்டும், இலத்திரனுக்கு மெலிவு வேண்டும். உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பித்த காலமெல்லாம் இந்த இழுபறியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட வழிகளில் ஒன்று எங்கள் குலத்தொழிலோடு ஒட்டியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பாவுக்குச் செட்டியார் தெருவில் நகைப்பட்டறை. பட்டறை நிலத்துத் தூசியைக்கூட வெறுமனே கூட்டிக் கொட்டமாட்டார்கள். அதிலும் தங்கம் இருக்கிறது, அதை வாங்கவும் ஆள் வரும். ஒருநாள் தங்க ரேக்கு ஒன்றை யன்னலுக்கு நேரே பிடித்து, ஊடாகப் பார்க்கச் சொன்னார். வெளியே தெருவெல்லாம் பச்சை. மேலே மஞ்சளாக மின்னுகிற பொன், மெலிந்துபோனால் பச்சை ஒளியை உள்ளே விடும். இன்னும் பொடியாக்கினால்? அதைப் பல வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பார்த்தேன். தங்கக் குளோரைட்டின் வெளிர்மஞ்சள் கரைசல் கொதித்துக்கொண்டிருந்தது. சித்திரேற்று உப்பை ஊற்றினார்கள். முதலில் நிறமே போய்த் தண்ணீராயிற்று. பிறகு சாம்பலும் நீலமுமாக ஒரு மங்கல். சில நிமிடத்தில் முகவை முழுவதும் திராட்சை இரசச் சிவப்பு.

இந்தச் சிவப்பை ஆராய்ந்து 1857 இல் இலண்டனில் உரை நிகழ்த்தியவர் மைக்கல் பரடே. அதற்கும் முன்னால், நாலாம் நூற்றாண்டில், உரோமர் காலத்துக் கண்ணாடிக்காரர் யாரோ தங்கமும் வெள்ளியும் நுண்துகளாகக் கலந்த கிண்ணம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். லைகர்கஸ் கிண்ணம் என்று பெயர், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை. உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பு. ஏன் அப்படி என்ற கணக்கை 1908 இல் ஜேர்மனியரான குஸ்டாவ் மீ எழுதி முடித்தார்.

உலோகத்தில் இலத்திரன்கள் சுதந்திரமாக அலைகின்றன. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துணிக்கை ஒன்றில் ஒளி பட்டால் அதன் மின்புலம் எல்லா இலத்திரனையும் ஒருபக்கம் தள்ளும். அவை திரும்பி வரும், மறுபடி தள்ளுப்படும். ஊஞ்சலை அது வரும் தாளத்துக்கே தள்ளினால் சின்னக் கையும் பெரிய ஆட்டம் ஆட்டிவிடுகிறதே, அதேதான். தாளம் பொருந்துகிற நிறத்தில் அந்தத் துணிக்கை தன் உருவத்தைவிடப் பெரிய பரப்பிலிருந்து ஒளியைத் தன்பால் இழுக்கும். இழுத்ததை என்ன செய்யும் என்பது பருமனைப் பொறுத்தது. இருபது நனோமீற்றர்ப் பொடிசு பெரும்பாலும் சூடாக்கி வீணடிக்கும். நூறு நனோமீற்றர் அளவில் இருந்தால் பெரும்பகுதியைத் திரும்பச் சிதறவிடும். அந்தச் சிதறலும் கண்டபடி போவதில்லை, முறிவுச் சுட்டி கூடிய பக்கத்தையே, அதாவது கலத்தின் உட்பக்கத்தையே நாடும். சாய்வாக நுழைகிற கதிருக்குப் பாதை நீளம். முழு உட்தெறிப்பில் மாட்டிக்கொண்டால் மெல்லிய படலத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். தடிப்பைக் கூட்டாமலே தடிப்பின் பலன். துணிக்கையை ஒட்டிய சில நனோமீற்றருக்குள் ஒளி அடர்ந்து நிற்பது இன்னொரு வகைப் பயன், பின்னால் சொல்லப்போகும் சாயக் கலங்களுக்கு அது உதவும்.

செய்முறை வினோதமாக எளிது. வெற்றிடத்தில் வெள்ளியை ஆவியாக்கிச் சிலிக்கன்மேல் பத்துப் பதினைந்து நனோமீற்றர் படியவிட வேண்டும். பிறகு நைதரசன் வாயுவில் 200 பாகையளவில் சூடாக்கினால் அந்தப் படலம் தானே அறுந்து சின்னச் சின்னத் திட்டுகளாகிவிடும். செலவு? பட்டறைக்காரர் மகள் கணக்குப் பார்க்காமல் இருப்பேனா. ஒரு பவுண் தங்கத்தை 10 நனோமீற்றர் தடிப்பில் விரித்தால் நாற்பது சதுர மீற்றர் மூடும். வெள்ளி என்றால் சதுர மீற்றருக்கு 0.1 கிராமும் கொஞ்சமும் போதும். செட்டியார் தெருவில் ஒருநாள் கூட்டுகிற தூசியில் ஒரு பல்கணியே அடங்கும்.

2007 இல் சிட்னி நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சுப்ரியா பிள்ளை, கைலி கச்போல் முதலானோர் 1.25 மைக்ரோமீற்றர் சிலிக்கனில் இந்த வெள்ளித் திட்டுகளைச் செய்து அளந்தார்கள். 1050 நனோமீற்றர் அலைநீளத்தில் 16 மடங்கு முன்னேற்றம். கேட்டதும் வாய் பிளக்கும். ஆனால் அது ஒரே ஓர் அலைநீளத்தில், அதுவும் சிலிக்கன் சும்மாவே ஏறக்குறைய எதையும் பிடிக்காத இடத்தில். சூரிய ஒளி முழுவதற்குமாகக் கூட்டிப் பார்த்தால் மின்னோட்டம் 33 சதவீதம் கூடியது. 33 சதவீதமே பெரிய விஷயம். ஆனால் 16 மடங்குக்கும் 33 சதவீதத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள்.

எங்கள் குழுக் கூட்டத்துக்கும் ஒருவர் வந்தார். பளபளக்கும் கைநூல், அதில் ‘நனோ’ என்று தங்க எழுத்து. நனோப் பூச்சுப் பூசினால் பழைய பனலும் இரட்டிப்பு மின்சாரம் தரும் என்றார். எந்த உலோகம், எந்தப் பருமன், எந்த அலைநீளத்தில் அளந்த எண் என்று கேட்டேன். “ரீச்சர், அது கம்பெனி இரகசியம்” என்றார். பாவம், தேநீர் கொடுத்து அனுப்பினோம். சாதாரணப் பனல் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையேனும் மின்சாரமாக்குகிறது. ஒரு சந்திச் சிலிக்கன் கலத்துக்கு இயற்கை போட்டுவைத்த எல்லை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பூச்சுப் பூசி இரட்டிப்பாக்குவதற்கு அங்கே இடமே இல்லை.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். உலோகம் ஒளியைச் சிதறுவது போலவே கொஞ்சத்தைத் தின்றும் விடும். முன்பக்கம் வைத்தால் சிவப்பில் இலாபம், நீலத்தில் நட்டம். அதனால் பலர் துணிக்கைகளைக் கலத்தின் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். வெள்ளி காற்றில் கறுக்கும். கடற்கரையில் எங்கள் பல்கணிக் கம்பிகளே பூச்சடித்த மறுவருடம் துருப்பிடிக்கின்றன, நனோ வெள்ளி எம்மாத்திரம்? இதற்கெல்லாம் மேலாக, 2010 களில் சிலிக்கன் பனலின் விலை பத்தில் ஒன்றாக வீழ்ந்தது. தடித்த தகடே இவ்வளவு மலிவு என்றால் அதை மெலிக்க யார் மினக்கெடுவார்கள்? ஒளியைச் சாய்த்துச் சிறைப்பிடிக்கிற வேலையை, தகட்டின் முகத்தில் அமிலத்தாலோ காரத்தாலோ அரித்தெடுத்த நுண்மேடுகள் காசில்லாமல் செய்துவிடுகின்றன. இப்போது பெரொவ்ஸ்கைட் வந்திருக்கிறது. அது அரை மைக்ரோமீற்றரிலேயே ஒளியை நன்றாக விழுங்கும், உலோகத்தின் தயவு அவ்வளவு வேண்டாம். ஆனால் அதற்குள் ஈயம் இருக்கிறது, ஈரத்துக்கும் ஆகாது. வெள்ளவத்தையில் ஈரத்துக்கா பஞ்சம்?

ஆக, கூரையிருப்பவருக்கு இந்த ஆராய்ச்சியால் இன்றைக்கு எதுவும் ஆகவேண்டியதில்லை. கூரையில்லாத எங்களுக்குத்தான் தேவை. கிலோவாட்டுக்கு என்ன விலை என்பது கூரைக்காரரின் கேள்வி. எங்கள் கேள்வி, சுவர் தாங்குகிற பாரத்தில், கண்ணாடியில் ஒட்டுகிற மெலிவில் எவ்வளவு மின்சாரம் வரும் என்பது. அந்தக் கேள்விக்கு உலகச் சந்தை விடை தேடித் தரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இதே தீவில் அந்த வேலை நெடுநாளாக நடக்கிறது. நம் பத்திரிகைகள்தான் அதற்கு இரண்டு பத்திகூட ஒதுக்குவதில்லை.

1981 இல் தொடங்கிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் கண்டி ஹந்தானையில் இருக்கிறது. சாயம் தோய்த்த தைத்தேனியம் ஈரொட்சைட்டில் சூரியக்கலம் செய்யும் முறையை 1991 இல் சுவிற்சர்லாந்தில் ஓ’ரீகனும் கிரெற்செலும் வெளியிட்டார்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டு வேறொன்றுமில்லை, சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்றில் இருக்கிற தூள். அந்தக் கலத்துக்குள் ஒரு திரவம் வேண்டும், அது ஒழுகும், காயும். நாலே வருடத்தில், 1995 இல், ஹந்தானையில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டை இட்டு, முழுக்கத் திண்மமான கலம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதில் ஒளியைப் பிடித்தது பூக்களிலும் பழங்களிலும் உள்ள சயனிடின் என்ற நிறப்பொருள். அதே நிறுவகத்தில் பின்னர் பேராசிரியர் எம்.ஏ.கே.எல். திசாநாயக்கவும் கூட்டாளிகளும் சாயக் கலத்தின் தைத்தேனியப் படலத்தில் தங்க, வெள்ளி நனோத் துணிக்கைகளைக் கலந்து செயற்றிறன் கூடுவதை அளந்து 2016 இல் வெளியிட்டார்கள். இங்கே சொல்லிக்கொண்டுவந்த அதே ஊஞ்சல், எங்கள் மலைநாட்டிலேயே. சாயக் கலத்தில் வெறும் உலோகத்தை விட்டால் அயடைட் திரவம் அரித்துவிடும், வந்த இலத்திரனையும் உலோகமே விழுங்கும். அதனால் 2011 இல் ஒக்ஸ்போர்ட்டின் ஹென்றி ஸ்னெய்த் குழு தங்கத் துணிக்கைக்குச் சிலிக்கா ஓடு போர்த்திப் பார்த்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் பு. ரவிராஜன், பல்பகுதியத்தையும் உலோக ஒட்சைட்டையும் சேர்த்துச் செய்யும் கலப்பினக் கலங்களில் இருபது வருடத்துக்கு மேலாக உழைத்துவருகிறார். வடக்கில் வகுப்பறைக் கதிரைகூடத் தட்டுப்பாடான காலத்தைக் கடந்து வந்த துறை அது. நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றி. வெற்றிட ஆவியாக்கி ஒன்று பழுதானால் உதிரிப்பாகத்துக்கு மாதக்கணக்கில் தவம். இந்தத் துறைக்கு அணுவுலை வேண்டாம், துணைக்கோள் வேண்டாம். மேசை ஒன்று, உலை ஒன்று, நல்ல அளவுகருவி, விடாப்பிடியான நாலு பிள்ளைகள். இவ்வளவு குறைந்த செலவில் உலகத் தரத்தில் போட்டி போடக்கூடிய துறை நமக்கு வேறு எத்தனை இருக்கிறது?

2025 ஏப்ரலில் நடந்தது சுவருக்கான என் வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டியிருக்க, பகல் மின்சாரம் மிஞ்சியது. ஏப்ரல் 13 முதல் 21 வரை தினமும் பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. சூரியன் இலங்கையின் உச்சிக்கு நேரே நிற்கிற அதே ஏப்ரலில்! கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில், நண்பகலில் உச்சம் தொடுகின்றன. நாட்டுக்கு ஆகக் கூடுதல் தேவை இரவு ஏழு மணியை அண்டி. மேற்குச் சுவர் எப்போது விழிக்கிறது? பிற்பகல் மூன்றுக்குத்தான் அதற்கு முழு வெயில். கிடையாகக் கிடக்கும் கூரைக்கு வருகிற வெயிலில் பாதிகூடச் சுவருக்கு வராமல் போகலாம், ஆனால் வருவது வேண்டிய நேரத்தை நெருங்கி வருகிறது. நண்பகல் அலகுக்கும் மாலை ஐந்து மணி அலகுக்கும் ஒரே விலை கொடுக்கும் முறையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஜேர்மனியில் இருக்கிற என் தங்கை மகன் வாடகை வீட்டுப் பல்கணியில் இரண்டு பனலைக் கட்டி, வயரைச் சுவர்ச் சொக்கற்றில் செருகிவிட்டு இருக்கிறான். அங்கே 2024 இலிருந்து 800 வாட் வரை அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. “பெரியம்மா, பதிவுகூட ஒன்லைனில் முடிஞ்சுது” என்கிறான். இங்கே அதே காரியத்துக்கு எந்தப் படிவம் என்று கேட்டால், கருமபீடத்தில் இருப்பவர் பக்கத்துக் கருமபீடத்தைக் காட்டுவார். தொடர்மாடிவாசிகள் ஒரு கூரையின் மின்சாரத்தைத் தங்கள் தனித்தனி மீற்றர்களில் பங்கிட்டுக் கழித்துக்கொள்ள டில்லியில் விதி இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர எந்த நனோவும் தேவையில்லை, ஒரு வர்த்தமானி போதும். சுவரிலும் கண்ணாடியிலும் உற்பத்தியாகும் மின்சாரத்தையும் கூரை மின்சாரமாகவே கருத வேண்டும், மாலை அலகுக்குக் கூடுதல் விலை வேண்டும். இவற்றை இப்போதே எழுதிவைத்தால்தான் மெல்லிய கலம் கடைக்கு வருகிற நாளில் நாங்கள் வரிசையின் கடைசியில் நிற்காமல் இருப்போம்.

கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு செய்தி. ஆய்வுகூட விளக்கின் கீழ் அளந்த செயற்றிறன் ஒன்று, உப்புக்காற்றில் ஒரு வருடம் நின்று பிழைத்த செயற்றிறன் வேறு. வெள்ளிக்கு எந்த ஓடு போர்த்தினால் கறுக்காது, எந்தப் பசை பருவமழையில் உரியாது என்பதைக் கடற்கரைச் சுவர்தான் சொல்லும். எங்கள் ஏழாம் மாடியின் மேற்குச் சுவர் வெறுமனே கிடக்கிறது. உள்ளங்கையளவு மாதிரிக் கலங்களை ஒட்டி, மாதாமாதம் வந்து அளந்துபோக விரும்புகிற ஆராய்ச்சி மாணவர் யாராக இருந்தாலும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதலாம். நிருவாகக் குழுவின் கையொப்பங்களை வாங்கித் தருவது என் பொறுப்பு. உடுப்புக் கொடியைத் தொடமாட்டோம் என்று மட்டும் எழுதித் தரவேண்டியிருக்கும்.